ஆள் தேவைப்படாத குளம்

மகனுக்கு,

நீ அனுப்பிய திட்ட அறிக்கை வந்தது. செல்போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்ததால் பஜாரில் கொடுத்து அச்செடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். படித்த அன்றே உன்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். போனில் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புவேன். இதில் உள்ளது இந்த ஊரில் யார் கண்ணில் பட்டாலும் எனக்குச் சம்மதம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இதில் கேட்கப் போவதில்லை. எனக்கு உன்மேல் கோபம். அந்த அறிக்கைமேல் கோபம். அதையெல்லாம்விட, போன வாரம் நீ போனில் சொன்ன ஒரு பேச்சின்மேல் கோபம். "நீ சொன்னா அத்தன பொம்பளையும் கைய தூக்கிருவாங்கம்மா. கிராம சபையில தீர்மானம் ஆயிட்டுன்னா மறுவாரமே மிஷின எறக்கிருவோம்" என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், வேறு யார் படித்தாலும் விளங்க வேண்டும் என்பதற்காக. நீ சென்னையில், பெரிய கம்பெனிகள் தரும் நன்கொடையில் குளங்களைச் சீரமைக்கும் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர். நம் ஊர்க் குளத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டாய். மூன்று பெரிய மிஷின்கள் வந்து குளத்தை ஒரே மட்டமாகத் தோண்டுமாம். கரை முழுக்கக் கல் பதித்து, மேலே நடைபாதை போட்டு, சோலார் விளக்கு நடுவீர்களாம். மடையில் ஒரு கருவி பொருத்தினால் தண்ணீர் மட்டத்தைச் சென்னையிலிருந்தே பார்த்து ஷட்டரைத் திறந்து மூடலாமாம். எல்லாம் முடிந்தபின் இந்தக் குளத்துக்கு 'மனித உழைப்பைச் சார்ந்திராத பராமரிப்பு' கிடைக்குமாம். அந்த வரியைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒரு பக்கம் முழுக்க உபதேசம். சுற்றுச்சூழலைக் காக்கும் சமூகத்தில் உழைப்பின் இடத்தை நாம் மறுபடி யோசிக்க வேண்டும், எல்லாரும் குறைவாக உழைத்தால் பூமி பிழைக்கும் என்று எழுதியிருக்கிறாய். யோசி, வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் குறைவாக உழைக்கப் போவது நீயா? காலை எட்டு மணிக்குப் போய் இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறவன் நீ. உன் உழைப்பு அப்படியே இருக்கும். இந்தக் குளத்தில் மண் வெட்டுகிற பேச்சியம்மாளின் உழைப்பை மட்டும் பூமிக்குப் பாரம் என்று கழித்துவிட்டாய்.

ஒரு இன்ஜினியருக்கு இதையும் சொல்லித் தரவேண்டியிருப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. மடையின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே நீ எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறி வராது. மழையில்லாத மாதங்களில் குளத்துக்குள் தண்ணீர் வற்றி மேடாகத் தெரிகிற உள்வாய்த் திட்டில் ஆடு மேய்கிறது, வாடைக்கு வருகிற பறவைகள் அங்கேதான் நிற்கின்றன. அதையெல்லாம் ஒரே மட்டமாக வழித்தெடுத்துவிட்டு, அறிக்கையின் அட்டையில் கொக்குப் படம் போட்டிருக்கிறாய். அப்புறம் அந்தக் கருவி. நூறு நாள் வேலை நடந்ததற்கு அத்தாட்சியாக அனுப்புகிற மதிய போட்டோவை ஏற்ற டவர் கிடைக்காமல் நான் கரையின் உச்சியில் ஏறி, செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நீயே பார்த்துச் சிரித்திருக்கிறாய். இந்த ஊரிலா ஷட்டர் சென்னை பேச்சைக் கேட்டுத் திறக்கப் போகிறது?

நீ என்னைத் திருப்பிக் கேட்பாய் என்று தெரியும். நூறு நாள் வேலையில் மட்டும் என்ன கிழித்தீர்கள் என்று கேட்பாய். போன சித்திரையில் லீவுக்கு வந்தபோது கேட்கத்தான் செய்தாய். நாற்பது பெண்களுக்கு வருகைப் பதிவு எழுதுகிற பணித்தளப் பொறுப்பாளர் நான். ஆளை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பார்கள், ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று அந்த நோட்டு சுற்றிச் சுற்றி என் கைக்கே வந்தது. நீ கரைக்கு வந்த நேரம் எல்லாரும் மருதமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். "போட்டோ எடுத்தாச்சுன்னா இப்படி மரத்தடியிலதான் இருக்கீயளா? இதுக்கா கூலி?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாய். கீழத்தெரு பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள். "இன்னைக்கு அளவு முடிஞ்சிட்டுய்யா. அதுக்கு மேல வெட்டுனா அந்த மண்ண எங்கன கொண்டு தட்ட? போன வருசம் வெட்டி மேட்டுல போட்டது பூரா மழைக்கு உள்ளதான எறங்கிக் கெடக்கு." நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சத்தியம் என்று எனக்குத் தெரியும். அதே இடத்தில், அதே மண்ணை, வருடா வருடம் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான் யோக்கியம் என்று சொல்லிக்கொண்டு உன்னோடு சண்டைக்கு வரவில்லை. நான் செய்தது உன் அறிக்கையைவிட மோசம். உன்னுடையது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. எங்கள் வேலையை அளக்க வருகிறவர் குழியைத்தான் அளப்பார். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், அவ்வளவுதான் கணக்கு. வெட்டியதற்கு அத்தாட்சியாக நடுவில் ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்போம். மண் வெட்ட முடியாத ஈரக் காலத்தில் கரையைச் சுத்தம் செய்யும் வேலை தருவார்கள். உடைமரத்தை வெட்டுவதில் தப்பில்லை, அதன் வேர் கரையைப் பிளக்கும். ஆனால் உடைமரத்தை வெட்டினால் போட்டோவில் கரை பச்சையாகத்தான் தெரிந்தது. மேலே அனுப்பினால் "வேலை நடந்தாப்புலயே தெரியலையேம்மா" என்று கேட்டார்கள். ஒரு தடவை பாதிக் கூலியை வெட்டியும் விட்டார்கள். அடுத்த தடவை நான் நாணலையும் அருகம்புல்லையும் சேர்த்துச் செதுக்கச் சொன்னேன். செதுக்கியதும் கரை செக்கச்செவேலென்று வந்தது. போட்டோ அருமையாக விழுந்தது. கூலி முழுதாக வந்தது. அதிலிருந்து மூன்று வருடம் அதுதான் வழக்கம்.

பேச்சியம்மாள் முதல் வருடமே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "யக்கா, இந்த நாணலு வேருதான கரைய புடிச்சிட்டு நிக்கு. அதையுமா எடுக்கணும்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலைய காட்டணும்லா பேச்சி. பச்சையா இருந்தா நீ வேல செஞ்சன்னு எவன் நம்புவான்? இஷ்டம் இல்லன்னா நாளைக்கு வராத." அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? அவள் வீடு அந்தக் கரைக்கு நேர் கீழே இருந்தது. அவள் கையாலேயே அவள் வீட்டுக்குமேல் இருந்த வேரைப் பிடுங்க வைத்தது உன் அம்மா.

மூன்றாவது வருடம் மார்கழியில் பெய்த மழை உனக்கு டிவியில் தெரியும். எனக்குக் கண்ணால் தெரியும். காலை பத்து மணி இருக்கும், குளம் நிரம்பி வழிகிற மறுகாலில் இரண்டு ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் நம் வீடுவரை கேட்டது. அன்றைக்கே கரை உடைந்தது. உடைந்த இடம் நாங்கள் செதுக்கிய இடம். ஒரு மைல் நீளக் கரையில் நாங்கள் கை வைக்காத மேற்குப் பக்கம் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. செதுக்கிய பக்கத்தில் நண்டு வளை எங்கே இருந்ததோ அங்கேதான் முதலில் கசிந்திருக்கிறது. புல் இருந்திருந்தால் கசிவோடு நின்றிருக்கும். ஆட்களைக் கீழத்தெரு பையன்கள் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றிவிட்டார்கள், அதனால் உயிர்ச்சேதம் இல்லை. பேச்சியம்மாளின் வீடு இரண்டு பக்கச் சுவரோடு உட்கார்ந்துவிட்டது. கட்டிப் போட்டிருந்த இரண்டு ஆடும் கட்டிய கயிற்றோடு செத்துக் கிடந்தன. நான் அங்கே போய் நின்றேன். அவள் சேற்றிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். அடுத்த வாரம் கரை அடைப்பு வேலை வந்தது. அவளையே மண் சுமக்க வைத்து, நிறுத்தி, நானே போட்டோ எடுத்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. பெருமழை, யார் என்ன செய்ய முடியும் என்று ஊர் சொன்னது. நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். உன்னை இப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின லீவில் ஒருநாள் நீ புத்தகத்தை வீட்டில் போட்டுவிட்டுக் குளத்துக்குப் போய்விட்டாய். "உம்மவன் கரையில சேத்துல பொரளுதான்" என்று யாரோ சொல்லக் கேட்டு நான் ஓடி வந்தேன். முழங்கைவரை களிமண்ணோடு நீ நண்டு வளைகளை அடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வளையில் கையை விட்டால் தோள்வரை போகுது பாரும்மா என்று காட்டினாய். நான் அதைப் பார்த்தேனா? கையில் கிடைத்த குச்சியால் கரையிலேயே அடித்தேன். வேலையத்த பயலே, இதைச் செய்தால் உனக்கு எவன் மார்க் போடுவான் என்று கேட்டேன். வீடுவரை அடித்துக்கொண்டே கூட்டி வந்தேன். நீ படித்தாய், மார்க் வாங்கினாய், இன்ஜினியர் ஆனாய். கண்ணுக்குத் தெரிகிற, காட்டி மார்க் வாங்குகிற வேலைதான் வேலை என்று உன் முதுகில் எழுதியவள் நான்தான். அதை நீ நன்றாகப் படித்துக்கொண்டாய். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்காக இந்த அறிக்கையை மன்னிக்க மாட்டேன்.

ஏனென்றால் நீயும் நானும் செய்வது ஒரே தப்பு. நான் போட்டோவுக்காக நாற்பது பேரை வேலை செய்ய வைத்தேன். நீ போட்டோவுக்காக ஒருவரும் வேலை செய்ய வேண்டாம் என்கிறாய். குளத்துக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. குளத்துக்கு வேண்டியது தினமும் கரையில் நடக்கிற கால். எட்டுப் பேர் போதும். நண்டு வளையைக் கண்டால் அன்றைக்கே களிமண் வைத்து மிதித்து அடைக்க வேண்டும். தண்ணீரை மூடிப் படர்கிற அமலைச் செடி பூப்பதற்கு முன்னால் இழுத்துப் போட வேண்டும். மழைக் காலத்தில் கால்வாய் எவ்வளவு கொண்டுவருகிறது என்று பார்த்து மடையைத் திறக்க வேண்டும். புல்லை உயரம் குறைத்து அறுக்க வேண்டுமே தவிர வேரில் கை வைக்கக் கூடாது. அந்தப் புல்லும் ஆட்டுக்கு ஆகும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் சாயங்காலம் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. நேற்று இருந்த கரை இன்றைக்கும் இருக்கும், அவ்வளவுதான். கரை உடையாமல் இருந்த நாளுக்கு எவனும் இதுவரை கூலி போட்டதில்லை. உழைப்பின் இடத்தை யோசிக்க வேண்டும் என்று எழுதுகிறாயே, இதை யோசி. அந்தக் கல்லுக்கும் விளக்குக்கும் கொட்டுகிற பணத்தில் எட்டுக் குடும்பத்துக்கு வருடம் முழுக்க வேலை கொடுக்க முடியுமா முடியாதா என்று உன் கம்பெனியில் கேள். அதைப் போட்டோ எடுத்து யாருக்கும் காட்ட முடியாது என்பார்கள். அப்போது நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கடிதம் எழுதுவதைப் பார்த்த உன் அப்பா, பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்போடு, "பெத்த பிள்ளைக்கு எதுக்க நின்னன்னா ஊரு சிரிக்கும் பாத்துக்கோ" என்றார். சிரிக்கட்டும் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று கேட்டார். ஆகலாம். நம் ஊரிலேயே தீர்மானம் போடவைக்க முடியாதவன் என்று உன்னை அங்கே நாலு பேர் பேசலாம். அதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முந்தாநாள் மதியம் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கரை செதுக்கியதையும் உடைந்ததையும் எழுதிய இடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளிடம் கேட்காமல் அவள் வீட்டுக் கதையை உனக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. முடியும்வரை கேட்டாள். "எனக்குத் தெரியாதாக்கா? அன்னைக்கே தெரியும்" என்றாள். அப்படியானால் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "ஒன்னய கேட்டுட்டு நான் எங்கன போவ? நோட்டு ஒங்கையிலல்லா இருக்கு. மறுநா பேரு எழுதணும்லா" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவள் நாலு அடி அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். இத்தனை வருடம் அந்தப் பெண்கள் "யக்கா, யக்கா" என்று சுற்றி வந்ததை என்மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் எழுந்து போகும்போது, "கூட்டத்துல எதுக்குக் கை தூக்கணும்னு சொல்லிரு யக்கா, தூக்கிருதேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்காகத் தூக்கச் சொன்னாலும் தூக்குவாள். உனக்கு எதிராகச் சொன்னாலும் தூக்குவாள். நீ போனில் சொன்னதும் அதைத்தானே? நீ அதைச் சரியாகத்தான் கணித்திருந்தாய், அதுதான் எனக்கு எரிகிறது.

நேற்றுக் காலை பஞ்சாயத்து அலுவலகத்தில் நோட்டை ஒப்படைத்துவிட்டேன். கிளார்க், "என்னக்கா, ஒடம்புக்குச் சரியில்லையா?" என்றார். ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, வேற ஆளப் போடுங்க என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கிராம சபை அன்று அந்தப் பெண்களில் யாருக்கும் நான் பேர் எழுதுகிறவள் இல்லை. கரை என்னால் உடைந்தது என்பதை அங்கே என் வாயால் சொல்லுவேன். அப்புறம் எட்டுப் பேர் வேலையைப் பற்றிக் கேட்பேன். அவர்கள் உன் பக்கம் கை தூக்கினாலும் தூக்கட்டும், அது அவர்கள் கை. நீ வருவதானால் முந்தின நாளே வீட்டுக்கு வா, உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறேன், சாப்பிடு, உன் கட்டிலில் படு. மறுநாள் கூட்டத்தில் என்னை அம்மா என்று கூப்பிடாதே. உன் தீர்மானத்துக்கு எதிராக முதல் கை என்னுடையது. எண்ணி எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்